வீட்டுக்குள் முக்காடு

ஆமா தங்கச்சி, நான்தான். அந்த வீடியோவுல பாத்த அதே பொம்பளதான். நீங்க பஸ்ஸுல ஏறி உக்காந்ததுலேருந்து போனைப் பாக்குறீங்க, என் மூஞ்சியைப் பாக்குறீங்க, மறுபடி போனைப் பாக்குறீங்க. எனக்குத் தெரியாதா? எத்தனை மாசமா இந்தப் பார்வையைப் பாத்துக்கிட்டிருக்கேன். கேட்டுருங்க. "நீங்க அந்தச் சட்டமன்ற ஒய்பியோட பொண்டாட்டியா?"ன்னு கேட்டா நான் என்ன கடிச்சா வெச்சிடப் போறேன்.

ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக் குடுத்தீங்க, அல்லா உங்களுக்கு நல்லதைக் குடுப்பான். சிரம்பான்ல மக வீட்டுக்குப் போறேன். பேரனுக்குப் பல்லு முளைச்சிருக்காம், பாக்கணும்னு ஆசை. வேற ஒண்ணுமில்ல. அங்க இங்க எழுதுற மாதிரி கோவிச்சுக்கிட்டுப் போறவ கிடையாது நான். கோவிச்சுக்கிட்டுப் போறவ இவ்வளவு பெரிய பையைக் கட்டிக்கிட்டா போவா? சரி, போவாதான். ஆனா நான் அப்படிப் போகல.

போன் அடிக்குதா? அடிக்கட்டும். எங்க வீட்டுக்காரங்கதான். அப்புறம் பேசிக்கிறேன்.

உங்க நெத்தியில திருநீறு இருக்கு. எங்க மார்க்கத்துச் சமாச்சாரம் உங்களுக்குத் தெரியாம இருக்கலாம். அதனால முதல்லேருந்து சொல்றேன். வீடியோவுல வர்றதெல்லாம் தலையையும் வாலையும் வெட்டிட்டு நடுத்துண்டு மட்டும் போட்டது.

எங்க வீட்டுக்காரர் பேரு நஜ்முதீன். ஊருக்கு டயர் கடை நஜ்மு. எம் பேரு ஜைத்தூன் பீவி, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிக்கிறேன். இப்பல்லாம் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்ல. பழைய டயரைப் புது டயர்னு சொல்லி ஒருத்தருக்கு வித்தவங்க இல்ல அவங்க. "இது ஓடாதுங்க, மாத்திருங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருவாங்க. யாவாரம் கெட்டாலும் பரவால்லன்னு சொல்லுவாங்க. அதனாலதான் குடைக் கட்சிக்காரங்க வீடு தேடி வந்தாங்க. "நஜ்மு நானா, உங்க வாய்ச்சொல்லுக்கு ஊருல மதிப்பிருக்கு, நீங்க நில்லுங்க"ன்னாங்க. வாய்ச்சொல்லு! நல்லாக் கேட்டுக்குங்க, அந்த வார்த்தையைச் சொல்லித்தான் கூட்டிக்கிட்டுப் போனாங்க.

அதுக்கு முந்தின தேர்தல்லயும் எங்க மாநிலத்துல குடைக் கட்சிதான் ஜெயிச்சிருந்துச்சு. ஜெயிச்சு உக்காந்து காலை நீட்டல, ரெண்டு பேரு விளக்குக் கட்சிக்குத் தாவிட்டாங்க. ஆட்சி கவுந்து போச்சு. தாவுனவங்களை யாரும் ஒண்ணும் பண்ண முடியல. மாநில அரசியல் சட்டத்துல அதுக்கு வழி இல்லையாம். ஒரு கட்சி பேரைச் சொல்லி ஓட்டு வாங்கலாம், ஜெயிச்சதும் இன்னொரு கட்சி வரிசையில போய் உக்காரலாம், நாற்காலி அவங்களுக்கே சொந்தம். நாம இவங்களைத் தவளைன்னு சொல்லிச் சிரிக்கிறோம். தவளை பாவம், அது யார்ட்டயும் ஓட்டுக் கேக்கல.

இதைச் சொன்னா எங்க வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கோவம் வரும். சோத்துல கையை வெச்சுக்கிட்டுப் பேசுவாங்க. "ஜைத்தூன், கட்சி மாறுனா நாற்காலி காலி, மறுபடி ஜனங்ககிட்டப் போகணும்னு சட்டத்துல சேக்கணும். மூணுல ரெண்டு பங்கு ஓட்டு இருந்தா சேத்துரலாம். நான் உள்ள போனா அதை வாங்காம வரமாட்டேன்." மீன் ஆணம் ஆறிப்போகும். நான் ம், ம்னு கேட்டுக்கிட்டிருப்பேன். எனக்கு அரசியல்ல ஆசை கிடையாது தங்கச்சி. ஆனா இந்தச் சட்ட விசயம் அத்துப்படி. கேட்டுக் கேட்டே அத்துப்படி ஆயிருச்சு.

சட்டம் இல்ல, சரி. அடுத்த தேர்தல் வந்துருச்சு, இப்ப என்ன செய்யுறது? மறுபடி எவனாச்சும் தாவுனா? கட்சிக்குள்ள பெரியவங்க கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. உங்க ஆளுங்க சூடத்தை ஏத்தி அணைச்சு சத்தியம் பண்ணுவாங்கள்ல, அந்த மாதிரி எங்க வேட்பாளருங்க எல்லாரும் மேடையில நின்னு சத்தியம் பண்ணணும். என்னன்னு? "அல்லாஹ்வின் மீது ஆணையாக, நான் இந்தக் கட்சியை விட்டுத் தாவினால் என் மனைவி எனக்கு மனைவி இல்லை."

ஆமா. நீங்க கேட்டது சரிதான். மனைவி எனக்கு மனைவி இல்லை.

டயர் கடையில டியூபு ஓட்டை ஆயிட்டா ஒரு ரப்பர்த் துண்டை வெட்டி மேல ஒட்டுவாங்க. அந்த மாதிரி சட்டத்துல ஓட்டை, அதுல எங்களை வெட்டி ஒட்டிட்டாங்க. வேட்பாளர்ல ஒரு பொம்பளையும் இருந்தாங்க, டீச்சரு. அவங்க தாவுனா யாருக்குத் தலாக்குன்னு யாரோ கேட்டிருக்காங்க. பெரியவங்க யோசிச்சுப் பாத்துட்டு, "அவங்க குர்ஆன் மேல சத்தியம் பண்ணட்டும், போதும்"னுட்டாங்க. பாருங்க, பொம்பளை தாவமாட்டான்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

என்னைக் கேட்டாங்களான்னு எல்லாரும் கேக்குறாங்க. யாரும் கேக்கல. பத்திரிகைக்காரப் பொண்ணு ஒருத்தி, தலையெல்லாம் கட்டையா வெட்டிக்கிட்டு, "உங்களை அடமானம் வெச்சப்ப நீங்க ஏன் எந்திரிச்சுக் கத்தல?"ன்னு கேட்டா. அந்தப் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. எப்படிப் புரியும்?

அன்னிக்கு எங்க சூராவுத் தொழுகைக்கூடத்துக்கு முன்னாடி இருக்கிற திடல்ல அவ்வளவு கூட்டம். நான் பொம்பளைங்க பக்கத்துல முன்வரிசையில இருந்தேன். புது பாஜு கூரோங், ஊதா நிறம், தேர்தலுக்குன்னே தைச்சது. மத்த வேட்பாளருங்க பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிட்டு இறங்குனாங்க. இவங்க முறை வந்தப்ப மைக்கைப் பிடிச்சாங்க, "என் மனைவி"ங்கிற இடம் வந்ததும் தொண்டை அடைச்சுக்கிச்சு. கொஞ்சம் நிறுத்திட்டு, கண்ணு கலங்க நான் இருந்த பக்கம் ஒரு பார்வை பாத்தாங்க. அப்புறந்தான் மீதியைச் சொன்னாங்க. கூட்டம் அப்படியே "அல்லாஹு அக்பர்"னு எழுந்துச்சு. பக்கத்துல இருந்த பொம்பளைங்க என் கையைப் பிடிச்சு அழுதாங்க. நானும் அழுதேன். தக்பீர் சொல்லவும் செஞ்சேன், எல்லாரையும் விட சத்தமா.

ஏன்னா எனக்கு அது வேற மாதிரி கேட்டுச்சு தங்கச்சி. ஒரு மனுசன் எதை வெச்சு சத்தியம் பண்ணுவான்? தன்கிட்ட இருக்கிறதுல எது பெருசோ அதை வெச்சு. கடையை வெச்சுப் பண்ணல, காரை வெச்சுப் பண்ணல. அவ்வளவு ஜனத்துக்கு முன்னால, "எனக்கு இவதான் பெருசு"ன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. கல்யாணம் ஆகி அத்தனை வருசத்துல அந்த வார்த்தையை வீட்டுல ஒரு நாள் சொன்னதில்ல. மேடையில சொன்னாங்க. நான் பூரிச்சுப் போயிட்டேன். அதுல என்ன தப்பு? அந்த கட்டைத் தலைப் பொண்ணுகிட்ட இதையெல்லாம் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்.

பசியாறுனீங்களா? இந்தாங்க, கறிபாப். நானே செஞ்சது, உருளைக்கிழங்குதான், இறைச்சி போடல. எடுத்துக்குங்க. பஸ்ஸுல யாராச்சும் திருநீறு வெச்சவங்க பக்கத்துல உக்காந்தா குடுக்கலாமேன்னுதான் இறைச்சி போடாம செஞ்சேன்.

அப்புறம் ஜெயிச்சாங்க. ஆட்சியும் குடைக் கட்சிக்கு வந்துச்சு, ஆனா நூலிழையில. ஒரே ஒரு ஆளு நகந்தா அந்தப் பக்கம் சாஞ்சிரும், அப்படி ஒரு ஆட்சி. நான் ஒய்பியோட வீட்டுக்காரி ஆயிட்டேன். கல்யாணம், கெண்டூரி விருந்து, பள்ளிக்கூட விழா, எங்க போனாலும் முதல் மேசையில எனக்கு நாற்காலி. பூப்போட்ட துணி விரிச்சிருப்பாங்க. தண்ணி கிளாஸுக்கு மூடி போட்டு வெச்சிருப்பாங்க. எனக்கு அதெல்லாம் பெருசில்ல. ஒரு தடவை மாவட்ட அதிகாரியோட சம்சாரத்தை எனக்கு முன்னாடி உக்கார வெச்சுட்டாங்க, அதுக்குக்கூட நான் ஒண்ணும் சொல்லல. சாப்பிடாமதான் வந்துட்டேன். மத்தபடி ஒரு வார்த்தை சொல்லல.

சட்டமன்றம் கூடப் போகுது, தாவல் தடைச் சட்டத்தைக் கொண்டுவரப் போறோம்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகுவாங்க. "மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, வாக்காளரின் நம்பிக்கை விற்பனைக்கு அல்ல." எனக்கே மனப்பாடம். பேரன் மட்டும் அப்ப பேசத் தெரிஞ்சிருந்தா அவனும் சொல்லியிருப்பான்.

அந்தச் சட்டமன்றக் கூட்டத்துக்கு முந்தின வாரம், கோலாலம்பூர்ல டயர் கம்பெனிக்காரங்க கூட்டம், போயிட்டு வர்றேன்னாங்க. சரின்னு பையைக் கட்டுனேன். "அந்தக் கறுப்பு சொங்கோக்கையும், வெள்ளை பாஜு மெலாயுவையும் தேச்சு வை"ன்னாங்க. டயர்க் கூட்டத்துக்கு எதுக்குங்க தலைக்குத் தொப்பியும் அரண்மனைக்குப் போற சட்டையும்? கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேக்கல. நான் கேக்குற பொம்பளை இல்ல. ஆனா நல்லாத் தேச்சேன். சட்டைக் கையில கத்தி மாதிரி மடிப்பு வெச்சுத் தேச்சேன்.

மறுநாள் பல்லு டாக்டர்கிட்ட வரிசையில உக்காந்திருக்கேன். செவுத்துல டிவி ஓடுது. குடை ஆட்சி கவுந்துருச்சுன்னு செய்தி. விளக்குக் கட்சி ஆளுங்க வரிசையா நிக்கிறாங்க, பெரும்பான்மை எங்ககிட்ட இருக்குன்னு அரண்மனையில சொல்லிட்டு வந்தவங்க. கடைசியில ஒருத்தரு. மூஞ்சியைப் பாக்குறதுக்கு முந்தி நான் சட்டையைப் பாத்துட்டேன். நான் வெச்ச மடிப்பு. கலையாம அப்படியே இருந்துச்சு.

உங்ககிட்ட உண்மையைச் சொல்றேன். ஆட்சி போச்சேன்னு எனக்கு வருத்தமே வரல. ஜனங்களை ஏமாத்திட்டாரேன்னும் தோணல, அதெல்லாம் அப்புறம் வந்துச்சு. எனக்கு முதல்ல வந்த யோசனை என்ன தெரியுமா? இப்ப நான் எந்த வீட்டுக்குப் போறது? அந்த மனுசன் தாவுன நிமிசத்துல நான் யாரு? எங்க மார்க்கத்துல தலாக் ஆயிட்டா, இத்தாங்கிற காத்திருப்புக் காலமும் முடிஞ்சா, புருசன் அந்நிய ஆம்பளை. அவர் முன்னாடி தலைமுடி தெரிய நிக்கக் கூடாது. விளையாட்டுக்குச் சொன்னாலும் தலாக் தலாக்குதான்னு எங்க உம்மா சொல்லுவாங்க. சத்தியம் பண்ணினது நிஜம், தாவினது நிஜம், அப்ப மூணாவதா அந்தத் தலாக்கு? பல்லைக் காட்டாமயே வீட்டுக்கு வந்துட்டேன். இன்னும் அந்தப் பல்லு வலிக்குது.

ரெண்டு நாள் கழிச்சு வந்தாங்க. மாலையும் கழுத்துமா, பெட்டி பெட்டியா இனிப்போட. கார் சத்தம் கேட்டதும் நான் உள்ள போயி தூடோங் முக்காட்டை எடுத்து, வெளியில போறதுக்குப் போடுற மாதிரி முழுசா, ஊசி குத்திப் போட்டுக்கிட்டேன். வந்தவங்க என்னைப் பாத்துட்டு குரலைத் தாழ்த்தி, "என்ன ஜைத்தூன், வீட்டுக்கு யாரும் விருந்தாளி வந்திருக்காங்களா?"ன்னாங்க.

"ஆமா"ன்னேன். "நீங்கதான்."

அவங்களுக்குப் புரியறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் சிரிச்சாங்க. சிரிச்சாங்க தங்கச்சி! "அடிப் பைத்தியமே, அது அரசியல். மேடையில சொன்னதை வீட்டுக்குள்ள கொண்டு வராத"ன்னாங்க. தொகுதிக்கு ரோடு வரும், ஆஸ்பத்திரி வரும், நாளைக்கு ஆட்சி கவுந்து எதிர்க்கட்சியில இருந்தா ஒரு தெருவிளக்கு வாங்க முடியுமா, எல்லாம் ஜனங்களுக்காகத்தான்னாங்க. அது மட்டுமில்ல, "நான் விளக்குக் கட்சியில சேரவே இல்லையே! நான் சுயேச்சை. ஆட்சிக்கு ஆதரவு, அவ்வளவுதான்"ன்னாங்க. நான் சோத்தைப் போட்டு மூடி மேசையில வெச்சுட்டு கல்யாணத்துக்கு முந்தி மக இருந்த ரூமுக்குப் போயி கதவைச் சாத்திக்கிட்டேன். அன்னிலேருந்து வீட்டுக்குள்ளயும் முக்காடு.

அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்டான்னு ஒரு பழமொழி சொல்லுவாங்கள்ல? எங்க வீட்டுல அது தலைகீழ். அரசை நம்பிப் பொண்டாட்டியைக் கைவிட்ட கதை.

அப்புறம் ஊரு பேச ஆரம்பிச்சுது. குடைக் கட்சிக்காரங்க முச்சந்தியில பேனர் கட்டுனாங்க, எங்க ரெண்டு பேர் படத்தையும் போட்டு நடுவுல ஒரு கிழிசல். அவங்க உஸ்தாது ஒருத்தர் ஒலிபெருக்கியில, "தலாக் விழுந்துவிட்டது, சேர்ந்து வாழ்ந்தால் ஹராம்"ங்கிறாரு. இந்தப் பக்கம் விளக்குக் கட்சி உஸ்தாது, "அது சத்தியமே அல்ல, செல்லாது"ங்கிறாரு. ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். வெள்ளிக்கிழமை யாசீன் ஓத எங்க வீட்டுக்கு வர்ற பொம்பளைங்க நின்னுட்டாங்க. வந்த ஒண்ணு ரெண்டு பேரும் ஓதுறதை விட்டுட்டு, எந்த ரூம்ல யாரு படுக்குறாங்கன்னு எட்டி எட்டிப் பாத்தாங்க. அன்னிக்குத் திடல்ல என் கையைப் பிடிச்சு அழுதவங்கதான் எல்லாரும்.

பத்திரிகைக்காரங்க ஒரு நாள் பசார்ல வழி மறிச்சு, "புவான், நீங்க இப்ப மனைவியா, இல்லையா?"ன்னு கேட்டாங்க. எனக்கு எங்கேருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்துச்சோ. "குடை ஆட்சியில நான் தலாக் ஆனவ, விளக்கு ஆட்சியில நான் பொண்டாட்டி. அடுத்த தேர்தல்ல யாரு ஜெயிக்கிறாங்கன்னு பாத்துச் சொல்றேன்"னுட்டேன். அதுதான் நீங்க பாத்த வீடியோ. நாடே சிரிச்சுதாம். நான் சிரிக்கிறதுக்குச் சொல்லல.

அவங்களுக்கு ஆட்சிக்குழுவுல பதவி குடுத்தாங்க. என்ன இலாகா தெரியுமா? மகளிர், குடும்ப மேம்பாடு. நான் இட்டுக்கட்டல, பேப்பர்ல வந்துச்சு, எடுத்துப் பாருங்க.

இன்னொண்ணு சொல்றேன், இதைக் கேட்டா உங்களுக்கு வயிறு எரியும். புது ஆட்சி வந்து சட்டமன்றம் கூடுனதும் முதல் வேலையா என்ன செஞ்சாங்க? தாவல் தடைச் சட்டத்தைக் கொண்டு வந்தாங்க. தாங்க தாவி வந்து உக்காந்தாச்சு, இனிமே வேற எவனும் தாவக்கூடாது, அதுக்கு. எதிர்க்கட்சியும் வேண்டாம்னு சொல்ல முடியுமா, அவங்க கேட்ட சட்டந்தானே? மூணுல ரெண்டு பங்கு என்ன, மொத்தமும் கை தூக்குச்சு. வழிமொழிஞ்சு பேசுனது யாரு? எங்க வீட்டுக்காரர். "மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, வாக்காளரின் நம்பிக்கை விற்பனைக்கு அல்ல." அதே பேச்சு. கண்ணாடி முன்னாடி பழகுனதுல ஒரு எழுத்து மாறல. டிவியில பாத்துக்கிட்டு நானும் கூடவே சொன்னேன். எனக்குத்தான் மனப்பாடமாச்சே.

அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன். கட்சி சொல்றதும் வேண்டாம், உஸ்தாதுமார் சொல்றதும் வேண்டாம், ஷரியா கோர்ட்டுக்குப் போயி நீதிபதிகிட்டயே கேட்டுருவோம்னு. ஆமா, கோர்ட்டுக்குப் போனது நான்தான். கெஞ்சுனாங்க. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு, "ஜைத்தூன், ஆட்சி இப்பதான் நிமிந்து உக்காந்திருக்கு. இந்த நேரத்துல என்னைக் கூண்டுல ஏத்தாத"ன்னாங்க. "மேடையில ஏறுனப்ப என்னைக் கேட்டா ஏறுனீங்க?"ன்னேன். 

நீதிபதி நல்ல மனுசர். வயசானவரு, மெதுவாப் பேசுவாரு. அந்தத் திடல் வீடியோவைப் போட்டுப் பாத்தாரு, திரும்பவும் போடச் சொன்னாரு. அப்புறம் சொன்னாரு: தலாக்னு நேரடியாச் சொல்லியிருந்தா வேற கேள்வியே இல்ல. "மனைவி இல்லை"ங்கிறது சுத்தி வளைச்ச சொல்லு. அப்படிச் சொன்னா, சொன்னவரோட நிய்யத் என்னன்னு பாக்கணும். நிய்யத்னா மனசுல வெச்ச எண்ணம் தங்கச்சி. வாய் சொன்னப்ப மனசு அதை நினைச்சுதான்னு. அவரு இவங்களைப் பாத்து, "நீங்கள் அன்று அதைச் சொன்னபோது, தாவினால் உண்மையிலேயே மணவிலக்கு ஆகட்டும் என்ற எண்ணத்தோடுதான் சொன்னீர்களா?"ன்னு கேட்டாரு.

பாத்தீங்களா, எப்படி மாட்டிக்கிட்டாங்கன்னு? ஆமா, நினைச்சுத்தான் சொன்னேன்னா, நான் போயிருவேன். இல்ல, நினைக்கலன்னா, அவ்வளவு ஜனத்துக்கு முன்னாடி அல்லா பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன்னு ஒத்துக்கணும். வாய்ச்சொல்லுக்கு மதிப்புன்னு கூட்டிட்டுப் போன ஆளு. ஒரு பக்கம் ஊரு, ஒரு பக்கம் நான். வெளிய அத்தனை கேமரா.

நான் துஆ கேட்டுக்கிட்டிருந்தேன். யா அல்லா, என்னை இந்த வயசுல தெருவுல விட்டுராத, "இல்லை"ன்னு சொல்ல வெச்சிருன்னு. அந்த மேடையில கண்ணு கலங்குனதை நினைச்சா மட்டும், வேற என்னமோ கேக்கணும் போல இருந்துச்சு. என்னன்னு தெரியல, கேக்கல.

தரையைப் பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க. "இல்லை, துவான் ஹக்கீம். அப்படி எந்த எண்ணமும் இல்லை. எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன். அது மேடைக்குச் சொன்ன வார்த்தை."

"உங்கள் குரல் தடுமாறியதே?"ன்னாரு நீதிபதி.

"பேச்சுக்கு அப்படிச் செய்யுறதுதான்"ன்னாங்க.

அவ்வளவுதான். தலாக் இல்ல, நிக்காஹ் நிக்காஹாத்தான் இருக்கு, சத்தியத்தை முறிச்சதுக்குப் பரிகாரமாப் பத்து ஏழைங்களுக்குச் சோறு போடணும்னு தீர்ப்பு. எல்லாரும் ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சாங்க. "உங்களுக்காக மானத்தையே விட்டுட்டாரு, இப்படி ஒரு புருசன் கிடைக்குமா?"ன்னாங்க. நானும் ஆமா ஆமான்னு தலையாட்டுனேன். நான் கேட்ட துஆதானே கபூலாயிருக்கு? சந்தோசப்பட வேண்டியதுதானே?

அந்தப் பத்துப் பேருக்குச் சோறு போட்டதையும் விழாவாக்கிட்டாங்க. சேவை மையத்துல பந்தல், பேனர், போட்டோகாரங்க. நெய்ச்சோறு ஆக்குனது யாரு? நான்தான். வேற யாரு ஆக்குவா? பரிமாறும்போது ஒரு பெரியவரு, கால் ஊனம், என்னை நிமிந்து பாத்தாரு. "அன்னிக்குத் திடல்ல நானும் இருந்தேம்மா. அவரு தொண்டை அடைச்சப்ப நானும் அழுதுட்டேன். அதனாலதான் ஓட்டுப் போட்டேன்"ன்னாரு. அப்புறம் கறி கேட்டாரு, வெச்சேன். 

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். ரொம்ப நாள் கழிச்சு ஒரே கார்ல. உள்ள வந்ததும் சட்டையைக் கழட்டி நாற்காலியில போட்டுட்டு, அன்பாத்தான் சொன்னாங்க, குறை சொல்லக் கூடாது. "இனி முக்காட்டை எடுத்துரலாமே ஜைத்தூன். கோர்ட்டே சொல்லிருச்சு."

எடுக்கலாம். சட்டப்படி எடுக்கலாம், மார்க்கப்படி எடுக்கலாம், அவங்க என் புருசன்தான்னு முத்திரை குத்திக் குடுத்தாச்சு. கையைத் தூக்கி ஊசியைப் பிடிச்சேன். அப்படியே நின்னுருச்சு கை. அந்த மேடையில கண்ணு கலங்கினது பேச்சுக்குன்னா, என் பக்கம் பாத்தது பேச்சுக்குன்னா, நிக்காஹ் மேடையில என் வாப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு "ஏத்துக்கிட்டேன்"னு கபூல் சொன்னாங்களே, அதுவும் இதே வாய்தானே? எல்லாரும் சொல்றாங்க, நானும் சொன்னேன்னு அன்னிக்கும் நினைச்சிருந்தா? அதை எந்த கோர்ட்டுல போய்க் கேக்குறது? என்னை ஏமாத்திட்டாங்க தங்கச்சி. தலாக் விட்டிருந்தாக்கூட, அன்னிக்குச் சொன்னது நிஜம்னு நெஞ்சுல ஒண்ணு மிச்சமிருந்திருக்கும். பொண்டாட்டியா வெச்சுக்கிட்டு அதையும் பிடுங்கிட்டாங்க.

அழல. பஸ்ஸுல ஏசி, கண்ணுல தண்ணி வருது. உங்களுக்கு வரல?

மறுபடி அடிக்குது பாருங்க. சரி, எடுத்துடுறேன். பாவம், சோறு தின்னாங்களோ என்னமோ.

அலோ. ம். பஸ்ஸுலதான் இருக்கேன்... அலமாரியில, மேல் தட்டுல, வெள்ளைத் துணி சுத்தி வெச்சிருக்கேன். ம், சொங்கோக்கும் அங்கதான். தேச்சுத்தான் இருக்கு, கசக்காம எடுங்க... மாத்திரை? ஃப்ரிட்ஜுக்கு மேல. சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும், வெறும் வயித்துல போட்டா எரியும்... ஆணம் சட்டியில இருக்கு, சூடு பண்ணிக்குங்க... வெள்ளிக்கிழமையா? வந்துடுறேன். ஆமா, யாசீனுக்கு முந்தி வந்துடுறேன்... சத்தியமா வந்துடுறேன். போதுமா? வைங்க.

நாளைக்குச் சட்டமன்றம் கூடுது. அதான் சட்டையைத் தேடுறாங்க. நான் இல்லன்னா அந்த மனுசனுக்கு ஒண்ணும் ஓடாது.

என்ன தங்கச்சி, அப்படிப் பாக்குறீங்க? பெரிய பையா இருக்கே, வெள்ளிக்கிழமை எப்படித் திரும்புவேன்னு பாக்குறீங்களா? சத்தியமா வர்றேன்னு சொன்னேன், நீங்களும் கேட்டீங்க. என்ன நிய்யத்துல சொன்னேன்னு அவங்க கேக்கலியே.